உப்புத் தின்ற டீசல் பிக்கப்பை வீட்டுக் கொல்லையில் தேற்றும் முறை

ராமநாதபுரம், மண்டபம், தொண்டி பக்கம் மீன் ஏற்றி ஓய்ந்த பிக்கப் வண்டிகள் ஊருக்கு நாலு நிற்கும், பெரும்பாலும் கருவேல மரத்தடியில். என்ஜின் நன்றாக இருக்கும், உடம்பு போயிருக்கும். விற்பவர் “என்ஜின் பக்கா” என்பார். அது பல நேரம் உண்மைதான். பழைய டீசல் என்ஜின் அவ்வளவு சீக்கிரம் சாகாது. ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் வருடக்கணக்கில் சொட்டிச் சொட்டி, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸையும் கேபினையும் தின்றிருக்கும், அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான் எடுத்தது மஹிந்திராவின் ஜீப் மூக்கு பிக்கப். 2112 சிசி பெஜோ என்ஜின், 62 குதிரைத்திறன். வீட்டில் வேலை பார்க்க நினைப்பவருக்கு இதைத்தான் சொல்வேன். சேஸ் தனி, பாடி தனி. தகடுகள் பெரும்பாலும் தட்டை, வளைவு நெளிவு குறைவு, அதனால் வெட்டி மடக்கி நாமே செய்துகொள்ளலாம். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் பட்டைதான். கிடைக்காத சாமான் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்துவிடும். வேறு கம்பெனி பிக்கப் வைத்திருந்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

வாங்கவும் வேலை பார்க்கவும் நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. வியாபாரி கையில் காசு நடமாட்டம் இருக்காது, வண்டியும் சும்மா நிற்கும், பேரம் பேச இடம் உண்டு. மழையும் குறைவு. ஐப்பசி அடைமழையில் துரு வேலையைத் தொடங்கினால் காலையில் தேய்த்த இரும்பு மாலைக்குள் சிவந்துவிடும்.

காசு கொடுக்கும் முன்

கையில் ஒரு சின்ன சுத்தியல், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், டார்ச். பெயின்ட்டைப் பார்க்கவே வேண்டாம். நேரே வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸின் இரண்டு நீட்டத்தையும் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று திரும்பிக் கேட்கும். அழுகிய இடம் ‘தொப்’ என்று அடங்கிப்போகும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் அங்கே இரும்பு இல்லை, பெயின்ட் மட்டும்தான் இருக்கிறது.

எந்த மீன் வண்டியிலும் துரு விழும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: கேபினுக்குப் பின்னால், சரக்கு ஏற்றும் தொட்டியின் முன்சுவருக்கு நேர் கீழே, பின் ஆக்ஸிலுக்கு மேல் சேஸ் வளையும் மேட்டில், பின் ஸ்பிரிங் மாட்டும் ஹேங்கர் சுற்றிலும், பேட்டரித் தட்டுக்கு அடியில். குறுக்குச் சட்டம் ரிவெட் அடித்துச் சேரும் மூலையை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே துரு பிடித்தால் அது இரும்பைவிடப் பல மடங்கு பருத்துத் தகட்டையே பிளந்து தள்ளும். அப்படி உப்பியிருந்தால் உள்ளே பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

ஹேங்கர் பக்கத்தில் கையகல ஓட்டை ஒன்று இருந்தால் பயப்படாதீர்கள். இரண்டு பக்க சேஸும் ஒரே நீளத்தில் அழுகியிருந்தால், அல்லது ஸ்டீரிங் பெட்டி மாட்டும் இடம் நொறுங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள்: முன் இடது ஹேங்கரிலிருந்து பின் வலது ஹேங்கர், பிறகு எதிர்ப்பக்கம். இரண்டும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் வண்டி எங்கேயோ இடித்து வளைந்திருக்கிறது. துருவோடு சேர்த்து அதையும் சரிசெய்வது கொல்லையில் நடக்காது.

அடுத்தது சேஸ் நம்பர். என் வண்டியில் அது முன்பக்கம் சேஸின் வெளிப்புறத்தில் அடித்திருந்தது, மேலே துரு ஏடு ஏடாகக் கிடந்தது. கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டு மெதுவாகத் தேய்த்து, பேப்பர் வைத்துப் பென்சில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி மறுபடி பஞ்ச் அடிக்கும் வேலை வரும், அதை விற்பவர் தலையில் கட்டுங்கள். வாங்கிய பிறகு அந்த இடத்தில் டேப் ஒட்டி, ‘இங்கே கிரைண்டர் வைக்காதே’ என்று எழுதிவிடுங்கள். உதவிக்கு வரும் பையனுக்கு நம்பர் எது, துரு எது என்று தெரியாது.

என்ஜின் சுற்றுகிறதா

உடம்பில் கை வைக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. பல மாதம் நின்ற வண்டியில் ஆசைப்பட்டுச் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது வேறு கதை, ஹெட்டைத் திறக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் சந்தோஷம். ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீண்ட பிடியுள்ள ஸ்பேனர் போட்டுக் கையாலேயே சுற்றுங்கள். முழு இரண்டு சுற்று தடங்கலில்லாமல் வந்தால் பிஸ்டன் பிடிக்கவில்லை.

டீசல் டேங்கில் பழைய டீசல் இருந்தால் மொத்தமும் வெளியே. அடியில் தண்ணீரும் சேறும் துருப்பொடியும் சேர்ந்து ஒரு கசண்டு வரும், அது ஒரு துளி பம்புக்குள் போனால் பம்புச் செலவு தனி. இப்போதைக்கு ஒரு சுத்தமான கேனை டேங்காக வைத்து ஹோஸ் மாட்டுங்கள். டீசல் ஃபில்டர் புதிது. அப்புறம் ஏர் எடுக்க வேண்டும்: ஃபில்டர் மேலே உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கை பம்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல் வரும். இறுக்கிவிட்டு, நாசில் பக்கம் பைப் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். அந்த நேரம் பைப் வாயில் விரல் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும், ஊசி குத்தியதுபோல லேசாகத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய காயம் அது.

செல்ஃப் அடிக்கும் முன்பே ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றி வைத்து, கையில் ஒரு தட்டைப் பலகையும் வைத்துக்கொள்ளுங்கள். பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு (ராக்) ஒட்டிக்கொண்டிருந்தால் என்ஜின் தானாக வேகம் ஏறிக்கொண்டே போகும், ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால் நின்றுவிடும்.

பம்பை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். நாசிலோடு கழற்றி டீசல் பம்பு பார்க்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கழற்றுவது

வண்டியை உயர்த்தி நிறுத்த ஸ்டாண்டு இல்லையென்றால் கனமான மரக்கட்டை போடுங்கள். ஹாலோ பிளாக் கல் வேண்டவே வேண்டாம், எச்சரிக்கையே தராமல் நொறுங்கும். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

துருப்பிடித்த போல்ட்டுக்குப் பொறுமைதான் மருந்து. முதல் நாளே எண்ணெய் விட்டு வைக்கவும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சமபாகம் கலந்தால் கடையில் விற்கும் ஸ்பிரேக்கு ஒன்றும் குறைவில்லை. தீயிலிருந்து மட்டும் தள்ளி வையுங்கள். கழற்றும்போது முதலில் ஒரு நூல் இறுக்குங்கள், பிறகு தளர்த்துங்கள், மறுபடி இறுக்குங்கள். முறுக்கிக்கொண்டு நின்றால் கேஸ் நெருப்பில் நட்டை மட்டும் சூடாக்குங்கள். பக்கத்தில் பிரேக் ஹோஸோ டீசல் பைப்போ இல்லை என்று பார்த்த பிறகு. யூ போல்ட், பாடி மவுன்ட் போல்ட் இரண்டையும் காப்பாற்றப் பாடுபட வேண்டியதில்லை, கட்டிங் வீல் போட்டு வெட்டித் தள்ளுங்கள். எப்படியும் புதிதுதான் போடப்போகிறோம்.

கழற்றுவதற்கு முன் செல்போனில் படம், கழற்றியதும் தனித்தனிக் கவர், கவர் மேல் மார்க்கரில் பெயர். வயரிங்குக்கு இது ரொம்ப முக்கியம்.

உப்பை வெளியேற்றுவது

இந்த ஒரு வேலையை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள், அதனால்தான் தேற்றிய வண்டி இரண்டு மழைக்குள் மறுபடி உப்பிக்கொள்கிறது. நல்ல டிங்கர் வேலை, நல்ல பெயின்ட், எல்லாம் இருந்தும் பலனில்லை. துருவுக்கு அடியில், இரும்பின் சின்னச் சின்னக் குழிகளில், உப்பு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் வேலையைத் தொடரும்.

சேஸை கம்பி பிரஷ்ஷும் சுரண்டியும் வைத்துத் தட்டி, ஏடாக வருவதை எல்லாம் உதிர்த்த பிறகு தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். எங்கள் பக்கத்தில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவதும் கடலில் கழுவுவதும் ஒன்று. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். கழுவி, வெயிலில் காயவிட்டு, கப் பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி கழுவுங்கள்.

போதுமா என்று இரும்பே சொல்லும். தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு இடத்தை ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் வெயில் ஏறும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். குழிகளில் மட்டும் கடுகளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் துளித்துளியாக வேர்த்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். அது பனி இல்லை, உள்ளே இருக்கும் உப்பு இழுத்த ஈரம். அந்தத் துளி வருவது நிற்கும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மாதிரி லேசான மஞ்சள் படலம் மட்டும் பரவியிருந்தால் சரி, உப்பு போய்விட்டது. அந்தப் படலத்தை எமரி ஷீட் போட்டு எடுத்துவிட்டு அன்றைக்கே பிரைமர்.

பிராக்கெட், கீல், கொக்கி மாதிரிச் சின்னச் சாமானுக்குக் கிரைண்டரே வேண்டாம். பிளாஸ்டிக் பக்கெட்டில் 15 லிட்டர் தண்ணீர், நாலைந்து மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் ஒன்று எடுங்கள். நெகட்டிவ் கிளிப் துருப்பிடித்த சாமானில், பாசிட்டிவ் கிளிப் ஒரு வீணான இரும்புக் கம்பித் துண்டில். இரண்டும் தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் சாமான்தான் கரையும், இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் எடுத்தால் துரு கறுப்புச் சேறாக இருக்கும், பிரஷ்ஷில் போய்விடும். ஸ்டெயின்லெஸ் கம்பி போடாதீர்கள், நஞ்சு கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும், திறந்தவெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. ஸ்பிரிங் பட்டையையும் கடின போல்ட்டையும் இதில் போட வேண்டாம், உடையும் குணம் வந்துவிடும். நட்டு, வாஷர் அளவுக்குப் புளியைக் கெட்டியாகக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்தாலே போதும். வீட்டில் எந்தப் புளியை எடுத்தோம் என்பது மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேஸ் வெல்டிங்

வெல்டிங் பழக்கம் இல்லாதவர் சேஸில் பழக வேண்டாம். தகட்டில் பழகலாம், அது பிரிந்தால் தகடுதான் தொங்கும். சேஸ் பிரிந்தால் ரோட்டில் வண்டி இரண்டாகும். வெட்டுவது, தேய்ப்பது, அளவு எடுப்பது, தகடு வெட்டி வைப்பது எல்லாம் நீங்கள் செய்து, ராடு பிடிக்க மட்டும் நல்ல வெல்டரை வீட்டுக்கே கூப்பிடுங்கள். கூலி பாதியாகும்.

அழுகியதை முழுக்க வெட்டி, நல்ல இரும்பு தெரியும்வரை போக வேண்டும். துரு மேல் தகடு வைத்து ஒட்டுவது வேலையே இல்லை. ஒட்டும் தகடு சேஸின் கனத்துக்குச் சமமாக இருக்கட்டும். அதைச் சதுரமாக வெட்டாமல் இரண்டு முனையையும் கூராக்கி வெட்டுங்கள். சேஸுக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் விழுந்தால் லோடு ஏறும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக வெல்டு அடிக்க விடாதீர்கள். பழைய வெல்டர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். சாதாரண 6013 ராடு தகட்டுக்கு. சேஸுக்கு 7018 ராடு, அதுவும் காய்ந்ததாக.

பேட்டரி இரண்டு முனையும் கழற்றியாக வேண்டும், ஆல்டர்னேட்டர் வயரும்தான். எர்த் கிளாம்ப் வெல்டு அடிக்கும் இடத்துக்கு ஒட்டியே இருக்கட்டும், இல்லையென்றால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். டீசல் டேங்க் வண்டியிலேயே இருக்கக் கூடாது. காலி டேங்க்தானே என்று அதில் நேராக வெல்டு அடித்து வெடித்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஓட்டை விழுந்த டேங்கை ரேடியேட்டர் கடையில் கொடுங்கள். உள் துருவுக்கு ஒரு கை கூழாங்கல்லும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கழுவலாம்.

கேபின் தகடு

கேபினில் துரு தொடங்குவது கண்ணாடி ரப்பருக்குக் கீழ் மூலையில். அங்கே வெடித்த ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே வழிந்து, கால் வைக்கும் தகட்டில் தரைவிரிப்புக்கு அடியில் நிற்கும். அதனால் தரைத் தகடு ஓட்டையாக இருந்தால் கீழே பார்ப்பதற்கு முன் மேலே பாருங்கள். ரப்பரை மாற்றாமல் தரையை மாற்றினால் அடுத்த வருடம் அதே வேலை.

கதவுக்குக் கீழே படி ஓடும் பெட்டிப் பகுதியை வெட்டும் முன் கதவு வாயில் குறுக்கே ஒரு ஆங்கிள் பட்டையை வெல்டு பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேபின் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி, எல்லாம் முடிந்த பிறகு கதவு மூடாது.

தரைக்கு 18 கேஜ் தகடு, மட்கார்டு கதவுகளுக்கு 20 கேஜ். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காது என்று வாங்கினால் வெல்டு ஓரத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும். 20 கேஜில் ஆர்க் வெல்டிங் பிடித்தால் ஓட்டைதான் விழும். சி.ஓ.2 (மிக்) வெல்டிங் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். தொடர்ந்து ஓட்டாதீர்கள்: இங்கே ஒரு புள்ளி, ஒரு அடி தள்ளி ஒரு புள்ளி, ஆற விட்டு நடுவில் ஒரு புள்ளி. அவசரப்பட்டால் தகடு அப்பளமாக நெளிந்துவிடும், பிறகு அதை நிமிர்த்த டிங்கர் வர வேண்டும்.

பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி விஷயத்தில் எங்கள் ஊர் டிங்கர் பாய் சொன்னதை அப்படியே தருகிறேன்: “தம்பி, துருவுக்கு மேல பட்டி இழுக்கிறது புண்ணுக்கு மேல பவுடர் பூசுற மாதிரி.” பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பிலோ துருவிலோ நேராகப் போடாமல், எபாக்சி பிரைமர் மேல், பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் போடுங்கள். காந்தம் ஒட்டாத அளவுக்குப் பட்டி தேவைப்படுகிறது என்றால் அங்கே தகடு மாற்ற வேண்டும்.

பிரைமர், பெயின்ட்

ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு ‘சேஸ் வேலை முடிந்தது’ என்று விடுகிறவர்கள் அதிகம். ரெட் ஆக்சைடு தண்ணீரைத் தடுக்காது, மேலே பெயின்ட் பிடிக்க அது ஒரு அடிப்படை, அவ்வளவுதான். அதை மட்டும் அடித்து மழையில் விட்டால் அடியில் துரு ஓடும். சேஸுக்கு நான் இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர்தான் சொல்வேன், மேலே கறுப்பு எனாமல் இரண்டு கை. பிரஷ்ஷிலேயே அடிக்கலாம். மூலைகளுக்குள் பிரஷ்தான் நன்றாகப் போகும்.

கிரைண்டர் போக முடியாத இடுக்குகளுக்கு ஃபாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி போடலாம். துரு கறுத்துவிடும். ஆனால் மீந்த ஆசிட்டைக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பிரைமர். ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்சி இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

கடலோரத்தில் நேரம் பார்த்து அடிக்க வேண்டும். விடியற்காலையில் இரும்பில் ஈரம் இருக்கும். உச்சி வெயிலில் தகடு கொதிக்கும், பெயின்ட் இழுபடும் முன்னே காய்ந்துவிடும். பகல் பன்னிரண்டுக்குப் பின் கடல்காற்று எழுந்து உப்பையும் மணலையும் கொண்டு வரும். காலை எட்டுக்கு மேல் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். அடிப்பதற்கு முன் தின்னர் நனைத்த துணியால் ஒரு துடை. பி.யூ. பெயின்ட்டை வீட்டில் ஸ்பிரே அடிக்காதீர்கள். அதன் கடினமாக்கியின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண துணி முகமூடி அதற்குத் தாங்காது. பழைய பிக்கப்புக்கு எனாமல் போதும். நிறத்தை மாற்றுவதானால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அதனால் பழைய நிறத்தையே அடிப்பது நிம்மதி.

அடியில் தார் மாதிரி கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிப்பது எனக்குப் பிடிக்காது. கல் பட்டு ஒரு கீறல் விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வராது, வெளியே அழகாகவும் உள்ளே அழுகியும் இருக்கும். அதற்குப் பதில் சேஸ் பெட்டிகளுக்குள், கதவுக்குள், படிக்குள் மெழுகு விடுங்கள். சாதாரண மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, அடுப்பை விட்டுத் தள்ளிக் கொண்டுவந்து, புது என்ஜின் ஆயிலும் கொஞ்சம் டர்பன்டைனும் கலந்தால் பீய்ச்சும் பதத்துக்கு வரும். கழிவு ஆயிலை அடிக்கும் பழக்கம் வேண்டாம், ரப்பர் புஷ்களைத் தின்றுவிடும், அமிலமும் இருக்கும். அடியில் உள்ள வடிகால் துளைகளை மெழுகு அடைத்திருந்தால் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள்.

பிரேக், எர்த்

பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், இரும்பு பைப், ரப்பர் ஹோஸ், எல்லாம் புதிது. பைப் வெளியே நன்றாக இருப்பதுபோல் தெரியும். சேஸில் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றினால் அதற்கு அடியில் காகிதமாக இருக்கும். டிரம்முக்குள் ஷூ ஒட்டியிருந்தால் டிரம்மைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டியிருந்தால் கிளட்சை மிதித்தாலும் கியர் விழாது. என்ஜின் சூடான பிறகு பெடலை அழுத்திக் கட்டி வைத்தால் பல நேரம் விட்டுவிடும்.

பெயின்ட் அடித்து மாட்டிய பிறகு செல்ஃப் ‘டிக்’ என்று மட்டும் சொன்னால் மோட்டாரைக் கழற்றாதீர்கள். எர்த் பட்டை மாட்டும் இடத்தில் பெயின்ட் இருக்கும். அந்த இடத்தை மட்டும் இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

தண்ணீருக்கு வழி

மறுபடி மீனோ ஐஸோ ஏற்றப்போகிறீர்கள் என்றால் தொட்டியைப் பழைய மாதிரியே கட்டாதீர்கள். பழைய தொட்டிகளில் தரை மட்டமாக இருக்கும், தண்ணீர் பலகை இடுக்கு வழியாக நேரே சேஸ் மேல் சொட்டும். அந்த வடிவம்தான் வண்டியைத் தின்றது. தரைக்குப் பின்பக்கம் ஓரங்குலம் சரிவு கொடுங்கள். பின் மூலைகளில் இரண்டு வடிகால், ஒவ்வொன்றிலும் முக்கால் அங்குல ஹோஸ், அந்த ஹோஸ் பின் குறுக்குச் சட்டத்தைத் தாண்டி, டயருக்கும் வெளியே முடியட்டும். முன்சுவரும் தரையும் சேரும் மூட்டை முழு நீளத்துக்கு வெல்டு அடித்து அடைத்துவிடுங்கள். அலுமினியத் தகடு போட்டால் அதற்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் ஷீட் வையுங்கள், போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர். உப்புத்தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டால் ஒன்று மற்றதைத் தின்னும்.

கட்டி முடித்ததும் இரண்டு குடம் தண்ணீரை முன்சுவரில் ஊற்றிவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். சேஸில் ஒரு சொட்டு விழுந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்காதீர்கள்.

எஃப்.சி.

8 வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். வண்டி பழசாக ஆகக் கட்டணம் கூடும், பசுமை வரியும் உண்டு, வாங்கும்போதே இதைக் கணக்கில் சேருங்கள். பழைய வரிப் பாக்கி, அபராதம் எதுவும் நிற்கிறதா என்று ஆன்லைனில் பார்த்துவிடுங்கள். எஃப்.சி.க்குப் போகும் முன் பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் பட்டை, ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், ஹேண்ட் பிரேக், புகைச் சான்று. புகை கறுப்பாக வந்தால் ஏர் கிளீனரை முதலில் பாருங்கள், பாதி வண்டிக்கு அதுதான் காரணம். சேஸ் நம்பர் மேல் ஒட்டிய டேப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெயின்ட்டுக்குப் பதில் மெல்லிய கிரீஸ் மட்டும் தடவிக்கொண்டு போங்கள். பென்சில் பிரின்ட் கேட்பார்கள், துணியால் துடைத்தால் எழுத்து தெளிவாக நிற்கும்.

அதன் பிறகு வாராவாரம் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் பீய்ச்சிக் கழுவினால் போதும். முதல் மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் ஒருமுறை அடியில் படுத்து, வெல்டு அடித்த ஓரங்கள், ஹேங்கர் சுற்றுப்புறம், கேபினுக்குப் பின்னால் உள்ள மேடு, இந்த மூன்றையும் மட்டும் டார்ச்சில் பாருங்கள். பெயின்ட் கொப்புளம் எங்காவது இருந்தால் சுரண்டி, கழுவி, காயவைத்து, அன்றே பிரைமர் தொட்டு வையுங்கள்.